ஆறு மாச கோடிங் கோர்ஸ்ல சேரப் போறீங்களா, என் கதையைக் கேட்டுட்டு சேருங்க

போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு சித்தப்பா போன் பண்ணாரு, காரிமங்கலத்துல இருந்து. அவரு ராயக்கோட்டை மண்டிக்கு தக்காளி ஏத்துறவரு, விடிகாலைல எந்திரிக்கணும்னு ஒம்போதுக்கெல்லாம் படுத்துருவாரு, அதனால போன் அடிச்சதுமே வீட்ல யாருக்கோ உடம்புக்கு ஆகலன்னுதான் நெனச்சேன். எடுத்ததும் "ஏன்டா தம்பி, பாப்பாவுக்கு பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு, ஆறு மாசம் கோர்ஸாம், ரெண்டே கால் லட்சம், முடிச்சா வேலை கேரண்டியாம், இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள அஞ்சாயிரம் கட்டுனா நாப்பதாயிரம் தள்ளுபடின்னு சொல்லுது, கட்டிரட்டுமா"ன்னு கேட்டாரு. பாப்பான்னா அவரு பொண்ணு, எனக்குத் தங்கச்சி.

கட்டாதீங்க சித்தப்பா, ஞாயித்துக்கெழம நேர்ல வரேன் பேசிக்கலாம்னேன். "தள்ளுபடி போயிருமேடா"ன்னாரு. போகாது, நாளைக்கும் அதே பொண்ணு கூப்பிட்டு ஒரு நாள் நீட்டிச்சிருக்கோம்னு சொல்லும்னேன். மறுநாள் காலைல பதினோரு மணிக்கு அதேதான் நடந்துச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னா 2018ல எனக்கும் அதே போன் வந்துச்சு. நான் கட்டிட்டேன்.

எங்க ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். கிருஷ்ணகிரி 2004ல தனி மாவட்டமா பிரிஞ்சு வந்துருச்சு, எங்க அப்பா இன்னும் தர்மபுரி ஜில்லான்னுதான் சொல்லுவாரு. ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூரா ரகம், கூழ் ஃபேக்டரிக்குப் போற காய். ஃபேக்டரிக்காரங்க என்ன ரேட் சொல்றாங்களோ அதான் அந்த வருஷத்து வருமானம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு வண்டி கம்பெனியில ஒரு வருஷம் அப்ரண்டிஸ் இருந்தேன், அதுக்கப்புறம் சிப்காட்ல ஒரு சின்ன சிஎன்சி ஷாப்ல, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைல ஓடுற மெஷின்ல இரும்பு கடையுற எடத்துல, மூணு வருஷம். கடைசியா வாங்குன சம்பளம் பதினொன்றாயிரத்து ஐநூறு, ஓவர்டைம் சேர்த்தா பதினாலாயிரம் வரும். கூட ரூம்ல இருந்தவன் ஒருத்தன் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தான், அவன் காலைல சட்டை கசங்காம போயிட்டு சாயந்திரம் கசங்காமயே வருவான், நான் கூலண்ட் நாத்தத்தோட நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுப்பேன். ஒரு நாள் அவன்தான் சொன்னான், நீ மெஷின்ல அடிக்கிறதும் ஒரு கோடுதானடா, இதையும் கத்துக்கலாம்டான்னு.

அவன் சொன்னது சும்மா சமாதானத்துக்கு சொன்னது இல்ல, நெசம்தான், அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. சிஎன்சி லேத்துல நாங்க அடிக்கிறது ஜி-கோடு, டூல், அதாவது இரும்பைச் செதுக்குற கத்தி, எங்க நகரணும்னு மெஷினுக்குச் சொல்ற கட்டளை. எங்க மெஷின்ல எக்ஸ் 50ன்னு அடிச்சு பக்கத்துல ஒரு புள்ளி வைக்கணும், வெச்சாதான் அது 50 மில்லிமீட்டர். புள்ளி வைக்க மறந்துட்டா மெஷின் அதை 50 மைக்ரான்னு, அதாவது ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்குன்னு எடுத்துக்கும். அதாவது விட்டம் அம்பது மில்லியில நிக்க வேண்டிய டூல் அம்பது மைக்ரானைத் தேடிக்கிட்டு முழு வேகத்துல ஜாபுக்குள்ள, அதான் நாங்க கடையுற இரும்புத் துண்டுக்குள்ள, போய் சொருகும். நான் சேர்ந்த ரெண்டாவது மாசம் அதே தப்பை அடிச்சு வெச்சிருந்தேன். எங்க ஷிப்ட் அண்ணன் ஒருத்தரு, ஒசரமா இருப்பாரு, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆளு, ஸ்டார்ட் பட்டன்ல கை வைக்கப் போன என் கையைப் புடிச்சு நிறுத்தி "சிங்கிள் பிளாக் போட்டியா"ன்னு கேட்டாரு. சிங்கிள் பிளாக்னா புரோகிராமை ஒவ்வொரு வரியா ஓட்டுறது, ஒரு வரி ஓடும், நிக்கும், நாம பாத்துட்டு அடுத்த பட்டன் அமுக்கணும். அதைப் போட்டு, டூலை ஜாபை விட்டுத் தள்ளி வெச்சு, காத்துலயே ஓட விட்டாரு. மூணாவது வரில டூல் சரசரன்னு சென்டரைப் பாத்து போச்சு. "மெஷின் நீ நெனச்சதைச் செய்யாது தம்பி, நீ அடிச்சதைத்தான் செய்யும், அதனால ஒவ்வொரு வரியும் என்ன செய்யும்னு மொதல்ல உன் வாயால சொல்லு, அப்புறம் ஓட்டு"ன்னாரு. இதை நான் ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, பின்னாடி ஒரு லட்சத்து அறுவதாயிரம் குடுத்து படிச்ச கோர்ஸ்ல இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தரல.

கோர்ஸ் பிடிஎம் லேஅவுட்ல. நான் ஓசூர் ரூமைக் காலி பண்ணல, பெங்களூர் பிஜி ஹாஸ்டலுக்கு காசு ஏது, தினமும் ஓசூர்ல பஸ் ஏறி அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டுன்னு போயிட்டு வந்தேன், போக ரெண்டு மணி நேரம் வர ரெண்டு மணி நேரம். ஒரு ரூம்ல முப்பத்தஞ்சு பேர். ஃபுல் ஸ்டாக்னு பேரு, ஒரு வெப்சைட்டை முன்பக்கம் பின்பக்கம்னு முழுசா கட்டக் கத்துக்கறது, ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட், ரியாக்ட், நோட், மோங்கோ.

நல்லதை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா நல்லது இருந்துச்சு. மொதல் ரெண்டு மாசம் பாடம் எடுத்தவரு அருமையான ஆளு, பத்து வருஷம் வேலை பாத்துட்டு வந்தவரு. எழுதுன கோடைப் பதிவு பண்ணி வெக்கிற கிட் (Git) எப்படி போடணும், ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் எப்படி படிக்கணும், இங்கிலீஷ்ல தெரியலன்னா தெரியலன்னு எப்படி கூச்சப்படாம சொல்லணும், இதெல்லாம் அவருகிட்டதான் கத்துக்கிட்டேன். வீட்ல தனியா உக்காந்து யூட்யூப் பாத்திருந்தா நான் மூணாவது வாரமே விட்டிருப்பேன், பக்கத்துல உக்காந்து அதே எரருக்கு முழிக்கிற இன்னொருத்தன் இருந்தான் பாருங்க, அவன்தான் என்னை இழுத்துட்டு போனான். டிப்ளமோ முடிச்சவன், டிகிரி கெடையாது, கேம்பஸ் கெடையாது, எந்தக் கம்பெனி வாசல்லயும் செக்யூரிட்டியைத் தாண்டி உள்ள விடமாட்டாங்க, அப்படிப்பட்டவனுக்கு ஒரு கதவைத் தொறந்து விட்டது அந்த கோர்ஸ்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன். கோடிங் கோர்ஸ் எல்லாமே ஏமாத்துன்னு சொல்ற சீனியர்ங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வரும், அவங்களுக்கு அந்தக் கதவு மொதல்லயே தொறந்து இருந்துச்சு.

மூணாவது மாசம் அந்த சார் போயிட்டாரு. ஏன்னு யாரும் சொல்லல. பதிலுக்கு வந்தவன் எங்களுக்கு முந்தின பேட்ச்ல படிச்ச பையன். அவனுக்கு வெளிய வேலை கெடைக்கல, அதனால இங்கயே பாடம் எடுக்க வெச்சுட்டாங்க, ரிசப்ஷன்ல மாட்டியிருந்த பிளேஸ்மென்ட் போர்டுல அவன் போட்டோவும் இருந்துச்சு. நாங்க பாத்துட்டோம். அவனும் நாங்க பாத்ததைப் பாத்துட்டான், பாவம், நல்ல பையன்தான், மறுநாள் க்ளாஸ்ல எங்க மூஞ்சியவே பாக்கல.

அந்த போர்டுல தொண்ணூத்தி ரெண்டு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு போட்டிருக்கும். எங்க பேட்ச் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு வருஷம் கழிச்சு நாங்களே ஒவ்வொருத்தரா கேட்டு எண்ணுனோம், முப்பத்தஞ்சு பேர்ல கோடு எழுதுற வேலைல இருந்தது பதிமூணு பேரு. ரெண்டு பேரு அங்கயே வாத்தியார், அஞ்சாறு பேரு கால் சென்டர், மத்தவங்க ஊருக்குத் திரும்பிட்டாங்க. கால் சென்டர் வேலையும் அவங்க கணக்குல பிளேஸ்மென்ட்தான். மூணு இன்டர்வியூ அனுப்பி எதுலயும் செலக்ட் ஆகலன்னா நீங்க "ஒத்துழைக்கல"ன்னு கணக்குலயே வரமாட்டீங்க, மிச்சம் இருக்கிறவங்கள வெச்சு பர்சன்ட் போடுவாங்க. அதனால யாராவது பர்சன்ட் சொன்னா எத்தனை பேருக்கு எத்தனை பேரு, எந்தத் தேதிக்குள்ள, என்ன வேலை, எவ்ளோ சம்பளம்னு நாலையும் கேளுங்க. நாலுக்கும் பதில் சொல்ற எடம் நல்ல எடமா இருக்க வாய்ப்பு உண்டு.

இது நம்ம ஊர்ல மட்டும்னு நெனைக்காதீங்க. இந்த மாதிரி சில மாசத்துல கோடிங் சொல்லித்தர கோர்ஸுக்கு பூட்கேம்ப்னு பேரு, அந்த விஷயமே அமெரிக்காவுல 2012 வாக்குலதான் சூடு புடிச்சுது, சான் பிரான்சிஸ்கோவுல டெவ் பூட்கேம்ப்னு ஒண்ணு அந்த வருஷம் ஆரம்பிச்சாங்க, 2017 கடைசியில அதையே மூடிட்டாங்க. லாம்ப்டா ஸ்கூல்னு ஒண்ணு, அப்புறம் ப்ளூம்டெக்னு பேரை மாத்திக்கிட்டது, மொதல்ல காசு வேணாம், வேலை கெடைச்சதும் சம்பளத்துல 17 பர்சன்ட் குடு, 30,000 டாலர் வரைக்கும்னு சொல்லி ஆள் சேத்தாங்க. 71ல இருந்து 86 பர்சன்ட் பேருக்கு வேலைன்னு விளம்பரம் போட்டாங்க. 2024 ஏப்ரல்ல அங்க இருக்கிற நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தப்பதான் தெரிஞ்சுது, உண்மையான கணக்கு அம்பது பர்சன்ட் வாக்குலதான், ஒரு பேட்ச்ல 30 பர்சன்ட் வரைக்கும் எறங்கியிருக்கு. நீங்க தரப்போறது கடனே இல்லன்னு மாணவர்கள்கிட்ட சொல்லியிருக்காங்க, அதுவும் கடன்தான்னு அந்த ஆர்டர்ல தெளிவா சொல்லி, இனிமே கடன் குடுக்கவே கூடாதுன்னு தடை போட்டாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு எங்க பிடிஎம் ரிசப்ஷன்தான் ஞாபகம் வந்துச்சு.

என் கடன் கதைக்கு வரேன். "நோ காஸ்ட் இஎம்ஐ சார், மாசம் பதிமூணாயிரத்து சொச்சம், பன்னெண்டு மாசம்"னு சொல்லி ஒரு டேப்லெட்டை நீட்டுனாங்க, விரல்ல கையெழுத்து, ஓடிபி வந்துச்சு சொன்னேன், அவ்ளோதான். கோர்ஸ் ஃபீஸைத்தான் தவணைல கட்டுறோம்னு நெனச்சேன். அது ஃபீஸ் இல்ல, என் பேர்ல ஒரு தனி ஃபைனான்ஸ் கம்பெனி குடுத்த லோன், அந்த முழுப் பணமும் மறுநாளே இன்ஸ்டிட்யூட் கைக்குப் போயிருச்சு. சார் போனதும் நாங்க எட்டு பேரு சேர்ந்து எங்களுக்கு கோர்ஸ் வேணாம், மிச்சப் பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டோம். இன்ஸ்டிட்யூட் லோன் கம்பெனியைக் கேளுங்கன்னுச்சு, லோன் கம்பெனி இன்ஸ்டிட்யூட்டைக் கேளுங்கன்னுச்சு, இஎம்ஐ மட்டும் அஞ்சாம் தேதி கரெக்டா வந்து நின்னுச்சு. ரெண்டு தவணை தவறுனதும் அப்பா நம்பருக்கு போன் பண்ணாங்க. அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவன் கத்துனது புரியல, புரியாததாலயே ரொம்ப பயந்துட்டாரு.

அம்மா கழுத்துச் செயினையும் தோடையும் எடுத்துட்டுப் போய் சொசைட்டில வெச்சாங்க. அந்த வருஷம் ஐப்பசில மாமா வீட்ல கல்யாணம், அம்மா மஞ்சக் கயிறோட வந்தாங்க, முந்தானையைக் கழுத்தைச் சுத்தி இழுத்து சொருகிக்கிட்டாங்க, யாராவது கேட்டா குளிருதுன்னாங்க. மண்டபத்துக்குள்ள அவ்ளோ புழுக்கம். கோர்ஸ் முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சுதான் எனக்கு வேலை கெடைச்சுது, நகையை மீட்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆச்சு.

நான் கையெழுத்து போட்டப்ப இருந்ததை விட இப்ப கொஞ்சம் பாதுகாப்பு இருக்கு. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் டிஜிட்டல் லோனுக்கு விதிமுறை போட்டாங்க. கடன் குடுக்கிறது யாரு, வட்டி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்ளோ, என்னென்ன சார்ஜ்னு ஒரே தாள்ல முன்கூட்டியே குடுக்கணும், அதை கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு சொல்லுவாங்க, எடுத்த லோன் வேணாம்னா ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள்ள அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வர வழி இருக்கணும். அந்தத் தாளைக் கேளுங்க. டேப்லெட்ல எதையும் படிக்காம விரல் வைக்காதீங்க. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்கறேன்னு சொன்னா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துருங்க, ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலை வெச்சுக்கிட்டு என் ஃப்ரெண்டு ஒருத்தனை எட்டு மாசம் அலைய விட்டாங்க. 2024 நவம்பர்ல கோச்சிங் சென்டர் விளம்பரங்களுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டு வந்திருக்கு, கேரண்டின்னு பொய் வாக்குறுதி குடுக்கக்கூடாதுன்னு. புகார் பண்ணணும்னா 1915ன்னு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, நேரா கூப்பிடலாம்.

சரி, வேலைக்குப் போனப்புறம் என்ன ஆச்சு. பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற ஒரு சின்ன கம்பெனி. நாலாவது மாசம் ஒரு கஸ்டமர், ஹோல்சேல் கடைக்காரரு, பில்லுல ஒரு பைசா ரெண்டு பைசா இடிக்குதுன்னு சொன்னாரு. நான் ஒரு பைசாதானேன்னு நெனச்சேன், அவரு மாசத்துக்கு ஆயிரக்கணக்கான பில்லு போடுறவரு, ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல டோட்டல் ஒத்து வரல, அவரு ஆடிட்டர் கேள்வி கேக்குறாரு. ரெண்டு நாள் ராத்திரி முழிச்சு இருந்தேன். இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக்குடுத்தபடி எரரை காப்பி பண்ணி கூகுள்ல போடலாம்னா எரரே வரல, கோடு நல்லாத்தான் ஓடுது, விடைதான் தப்பு. மூணாவது நாள் எங்க ஷிப்ட் அண்ணன் ஞாபகம் வந்துச்சு. டீபக்கர்னு, கோட்ல தப்பு தேடுற கருவி, அதைத் தொறந்து சிங்கிள் பிளாக் மாதிரி ஒவ்வொரு வரியா ஓட்டுனேன், ஒவ்வொரு வரிக்கும் என்ன வரணும்னு நோட்டுல எழுதிட்டு ஓட்டுனேன். 1.005 ரூபாயை நூறால பெருக்குன எடத்துல நான் நோட்டுல 100.5ன்னு எழுதியிருந்தேன், ஸ்க்ரீன்ல 100.49999999999999ன்னு நின்னுச்சு. முழு பைசாவா மாத்துறப்ப 101 ஆக வேண்டியது 100 ஆயிருச்சு.

அப்பதான் உக்காந்து படிச்சேன். கம்ப்யூட்டர் தசம எண்ணை ரெண்டடிமானத்துல, அதாவது 0, 1 மட்டும் வெச்சு எழுதி வெச்சுக்குது, நமக்கு பத்துல ஒண்ணு சுத்தமான எண்ணு, அதுக்கு முடிவில்லாம நீளுற எண்ணு, எங்கயோ ஒரு எடத்துல வெட்டித்தான் ஆகணும், அதனால ஜாவாஸ்க்ரிப்ட்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுனா 0.30000000000000004ன்னு வரும். காசுக் கணக்கைப் புள்ளி வெச்ச எண்ணுல வெக்கவே கூடாது, பைசாவா மாத்தி முழு எண்ணா வெக்கணும். காலேஜ்ல ஒழுங்கா கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவனுக்கு இது தெரிஞ்சிருக்கும், இல்ல தெரிஞ்சிருக்கணும். ஆறு மாசத்துல மூணு ஆப் கட்டி முடிக்கிற அவசரத்துல எங்களுக்கு இது யாரும் சொல்லல. லேத்துல ஒரு புள்ளியால டூல் ஒடைய இருந்துச்சு, இங்க புள்ளியால ஒரு கடைக்காரரு கணக்கு ஒடைஞ்சுது.

இந்தத் தொழிலுக்கு இந்த கோர்ஸுங்க நல்லதா கெட்டதான்னு என்னைக் கேட்டா, எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிறது ஒண்ணுதான். கத்துக்குடுக்கிற செலவு யார் தலைல விழுதுங்கிறதுதான் விஷயமே. நான் ஓசூர்ல அப்ரண்டிஸா இருந்தப்ப கம்பெனி எனக்கு மாசா மாசம் ஸ்டைபண்ட் குடுத்துச்சு, அதுக்கு 1961லயே அப்ரண்டிஸ் சட்டம் போட்டிருக்காங்க, கத்துக்கறவன் காசு குடுக்க மாட்டான், கத்துக்கறவனுக்குக் காசு குடுப்பாங்க. சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான் இருந்துச்சு, இன்ஃபோசிஸ்காரங்க மைசூர் கேம்பஸ்ல ஃப்ரெஷர்ஸை மாசக்கணக்கா உக்கார வெச்சு சம்பளமும் குடுத்து சொல்லிக்குடுத்தாங்க. சோஹோகாரங்க டிகிரி இல்லாத பசங்களை எடுத்து ஃபீஸ் வாங்காம ஸ்டைபண்ட் குடுத்து ஸ்கூலே நடத்துறாங்க, அதுவும் இருபது வருஷமா. ஆக முடியாதது இல்ல. ஆனா இன்னைக்கு முக்கால்வாசி சின்ன கம்பெனிங்க, வந்த மொதல் நாளே கோடு எழுதணும், எங்களுக்கு சொல்லிக்குடுக்க நேரமில்லன்னு சொல்லிட்டாங்க, அந்த எடத்துலதான் இந்த இன்ஸ்டிட்யூட்டுங்க வந்து உக்காந்துச்சு. கம்பெனி செலவுல நடந்தது எங்க அம்மா தோடு செலவுல நடக்குது. பூட்கேம்ப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு சலிச்சுக்கிற கம்பெனிங்க, அந்தப் பசங்களுக்கு ஆறு மாசம் சொல்லிக்குடுக்க நீங்க ஏன் தயாரா இல்லன்னு ஒரு தடவை தங்களையே கேட்டுக்கணும். நான் இதை என் மேனேஜர்கிட்டயே சொல்லியிருக்கேன்.

இப்ப நான் இன்டர்வியூ எடுக்கற எடத்துல இருக்கேன். வர்ற ரெசுமேல பாதி ஒரே மாதிரி இருக்கும், ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப் காப்பி, ஒரு ஷாப்பிங் சைட் காப்பி, ஒரு டூ-டூ லிஸ்ட். அந்த மூணையும் இப்ப ஏஐகிட்ட கேட்டா பத்து நிமிஷத்துல எழுதிக் குடுத்துரும், அதை வெச்சு ஒருத்தனை எடைபோட முடியாது. அதைவிட மோசம் ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ். ஃப்ரெஷர்னு போட்டா கூப்பிட மாட்டாங்க, ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போடு, லெட்டர் நாங்க ரெடி பண்றோம்னு சில எடத்துல பசங்களுக்கு அவங்களே சொல்லிக்குடுக்கறாங்க.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், ஊத்தங்கரை பக்கம். ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டிருந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்துல நீ எழுதுன ஏதாவது ஒரு விஷயத்தைச் சொல்லுன்னு இங்கிலீஷ்ல கேட்டேன், மனப்பாடம் பண்ணதை ஒப்பிச்சான், குறுக்க ஒரு கேள்வி கேட்டதும் தண்ணி பாட்டிலை எடுத்து மூடியைத் தொறந்து தொறந்து மூடுனான். எனக்கு அந்த முழி தெரியும். தமிழ்ல பேசலாம்ப்பா, நெசமா நீயா எழுதுனது ஏதாவது இருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான், எங்க ஊரு பால் சொசைட்டிக்கு ஒண்ணு பண்ணேன் சார்னு. அவங்க அம்மா அங்க பால் ஊத்தறவங்க, செக்ரட்டரி நோட்டுல ஃபேட், லாக்டோமீட்டர் ரீடிங் எழுதி, அதை வெச்சு எஸ்என்எஃப், அதாவது பால்ல கொழுப்பு போக மிச்சம் இருக்கிற சத்து, கணக்கு போட்டு, சார்ட்ல ரேட் பாத்து எழுதுவாரு, பத்து நாளைக்கு ஒரு தடவை கூட்டும்போது தப்பு வரும், சண்டை வரும். இவன் போன்லயே போடுற மாதிரி ஒரு பக்கம் பண்ணிக் குடுத்திருக்கான். காலைல கரண்ட் இல்லன்னா, நெட் இல்லன்னா என்ன பண்ணுவன்னு கேட்டேன். போன்லயே சேமிச்சு வெச்சு நெட் வந்ததும் அனுப்பிக்கும் சார், ஆனா ஒரே ஆளு ரெண்டு தடவை பதிவாயிட்டா என்ன பண்றதுன்னு ரொம்ப நாள் ஓடல, அப்புறம் மெம்பர் நம்பர், தேதி, காலையா சாயந்திரமா மூணையும் சேத்து ஒரே தடவைதான் பதிவாகுற மாதிரி ஒரு சாவியா வெச்சேன்னான். பாட்டிலைக் கீழ வெச்சுட்டான், கை ரெண்டையும் ஆட்டி ஆட்டி பேசுறான். இருபது நிமிஷம் பேசுனோம். அன்னைக்கு நான் பாத்த ஆறு பேர்ல இவன்தான் நெசமான புரோகிராமர்.

இதை ஏன் ரெசுமேல போடலன்னு கேட்டேன். இன்ஸ்டிட்யூட்ல இது புரொஃபெஷனலா இருக்காது, எடுத்துருன்னு சொல்லிட்டாங்க சார்னான்.

அவனை எடுக்க முடியல. அப்ளிகேஷன் ஃபார்ம்ல பொய் எக்ஸ்பீரியன்ஸைப் போட்டு கையெழுத்தும் போட்டுட்டான், பிஎஃப் ஹிஸ்டரி பாத்தாலே தெரிஞ்சுரும், ஹெச்ஆர் ஒத்துக்கல, நான் ரெண்டு நாள் பேசிப் பாத்தேன். கூப்பிட்டு சொன்னேன், அந்த ரெண்டு வருஷத்தை அழிச்சுடு, பால் சொசைட்டியை மேல போடு, ஃப்ரெஷர்னு தைரியமா போடுன்னு. நாலு மாசம் கழிச்சு ஓசூர்லயே ஒரு எடத்துல சேர்ந்துட்டேன்னு மெசேஜ் போட்டான். எங்க டீமுக்கு அந்த மாதிரி ஒருத்தன் இன்னும் கெடைக்கல. தொழிலுக்குக் கெடுதல்னா இதுதான் கெடுதல், தெறமை இல்லாதவனை உள்ள விடுறது கூட இல்ல, தெறமை இருக்கிறவன்கிட்ட உன் நெசத்தை மறைச்சுட்டு பொய்யைச் சொல்லுன்னு சொல்லிக்குடுக்கறது.

ஞாயித்துக்கெழம காரிமங்கலம் போனேன். சித்தப்பா டீ வாங்கிட்டு வந்து திண்ணைல உக்காந்தாரு. அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே போனேன். சித்தப்பா, தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போனாலும் அம்பது ரூபாய்க்குப் போனாலும் மண்டிக்காரருக்கு கமிஷன் உண்டுதானே, ஆனா அவரு அடுத்த நாள் உங்க காயை வாங்கணும்ல, அதனால ஒரு மட்டு மரியாதை இருக்கும், இங்க உங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் வாங்குவாங்க, மொத நாளே முழுப் பணமும் கைக்குப் போயிரும், அதுக்கப்புறம் பாப்பாவுக்கு வேலை கெடைச்சா என்ன கெடைக்காட்டி என்னன்னேன். சித்தப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. "அப்ப வேணாங்கறியா"ன்னாரு. வேணாங்கல சித்தப்பா, இப்ப வேணாங்கறேன்னேன்.

தங்கச்சிகிட்ட தனியா பேசுனேன். பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிருக்கா, நான் முதல்வன் திட்டத்துல காலேஜ்லயே ஒரு கோர்ஸ் பண்ணியிருக்கா, அது ஃப்ரீதான். மூணு மாசம் காசு செலவு பண்ணாம படிச்சுப் பாருன்னேன். ஃப்ரீகோட்கேம்ப் இருக்கு, ஹார்வர்ட்காரங்க சிஎஸ்50ன்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆரம்பப் பாடத்தை முழுசா ஃப்ரீயா குடுக்கறாங்க, என்பிடெல்ல ஐஐடி ப்ரொஃபசருங்க பாடம் இருக்கு, பாடத்துக்குப் பஞ்சமே இல்ல. தினமும் ரெண்டு மணி நேரம் மூணு மாசம் உன்னால உக்கார முடிஞ்சா உனக்கு இது புடிச்சிருக்குன்னு அர்த்தம், அப்புறமும் கூட்டாளிங்க வேணும், வாத்தியார் வேணும்னு தோணுச்சுன்னா நானே நல்ல எடமா தேடி சேத்து விடறேன், போன பேட்ச்ல வேலை கெடைக்காத மூணு பேரு நம்பர் குடுங்கன்னு நானே கேக்கறேன், கெடைச்சவங்க நம்பரை அவங்களே குடுப்பாங்க, கெடைக்காதவங்ககிட்ட பேசுனாதான் அந்த எடம் எப்படின்னு தெரியும். மூணு மாசத்துல உக்கார முடியலன்னா ரெண்டே கால் லட்சம் மிச்சம். என்ன ப்ராஜெக்ட் பண்றதுன்னு கேட்டா. அப்பாவோட மண்டி கணக்கைப் பண்ணுன்னேன். மொகத்தை சுளிச்சா.

இப்ப அஞ்சு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கெழம காலைல லேப்டாப்பைத் தூக்கிட்டு பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துருவா, அம்மா களி கிண்டி கீரை கடைஞ்சு வெச்சிருப்பாங்க, சாப்ட்டுட்டு உக்காருவோம். போன வாரம் வந்ததும் நோட்டை எடுத்து நீட்டுனா, ஒவ்வொரு வரிக்கும் என்ன வரணும்னு எழுதி, பக்கத்துலயே என்ன வந்துச்சுன்னு எழுதியிருந்தா, ஏழாவது வரில ரெண்டும் வேற வேற, அதைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டிருந்தா. "பெட்டிக்கு பதினஞ்சு கிலோன்னு நான் போட்டிருக்கேன் அண்ணா, அப்பா நோட்டுல சில நாள் பதினாலுன்னு இருக்கு, மண்டில ஒரு கிலோ கழிச்சுக்குவாங்களாம், அப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல, இதைக் கோட்ல எங்க வெக்கிறது"ன்னா. உக்காரு, மொதல்ல எந்தெந்த நாள் கழிச்சாங்கன்னு எழுதுன்னு சொல்லிட்டு சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.